நடுவயது ஆண்களின் கொழுப்புக் குறைப்பும் தசை வளர்ப்பும்: ஒரு வரலாறு

நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வதும், கை, தோள், தொடைத் தசைகள் மெலிவதும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே சிக்கலாக மருத்துவம் பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொழுப்பைக் குறைப்பது உணவுக் கட்டுப்பாட்டின் வேலை என்றும், தசையை வளர்ப்பது இளைஞர்களுக்கும் மல்லர்களுக்கும் உரியது என்றும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இந்தப் பிரிவினால் நடுவயதினருக்குக் கிடைத்த அறிவுரையில் பாதி விடுபட்டது. எடை குறைந்தவர்கள் கொழுப்போடு தசையையும் இழந்தார்கள். பளு தூக்க வேண்டிய வயதில் பளு தூக்காதே என்று தடுக்கப்பட்டார்கள். இரு வழிகளும் எவ்வாறு தனித்தனியே வளர்ந்தன, எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பான்டிங்கின் கடிதம்

தற்கால எடைக் குறைப்பு நூல்களின் தொடக்கமாகக் கருதப்படுவது 1863இல் இலண்டனில் வெளிவந்த ஒரு சிறு வெளியீடு. 'பொதுமக்களுக்கு எழுதப்பட்ட உடற்பருமன் பற்றிய கடிதம்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் வில்லியம் பான்டிங். அவர் மருத்துவர் அல்லர். அவருடைய குடும்ப நிறுவனம் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினரின் இறுதிச் சடங்குகளுக்கான ஏற்பாடுகளைச் செய்துவந்தது.

1862 ஆகஸ்டில் பான்டிங்குக்கு வயது 66 ஆகும் நிலை. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 91.6 கிலோகிராம். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சுமை தெரியாமல் இருக்கப் பின்புறமாகத் திரும்பி மெல்ல இறங்கினார். தெருவிலும் வண்டிகளிலும் கேட்ட கேலிப் பேச்சுகளால் பொது இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டதாக எழுதியுள்ளார்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. நடுவயதில் மருத்துவர் ஒருவரின் சொற்படி நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். உடல் வலுப்பெற்றது. ஆனால் பசியும் பெருகியது, கூடவே எடையும் பெருகியது. இறுதியில் அந்தப் பயிற்சியைக் கைவிடும்படி அதே மருத்துவர் கூறினார். கடல் நீராட்டு, துருக்கிக் குளியல், கனிம ஊற்று நீர் என எதுவும் பெரிய பலன் தரவில்லை.

காது மந்தமானதால் அவர் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றார். ஹார்வி பாரிசில் கிளோத் பெர்னாரின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று பெர்னார் கண்டறிந்திருந்தார். நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரையும் மாவுப்பொருளும் குறைந்த உணவு தரப்படுவதைக் கண்ட ஹார்வி, பருமனுக்கும் அதே வழியைச் சோதிக்க எண்ணினார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்கும்படி பான்டிங்கிடம் கூறினார். இறைச்சி, மீன், காய்கறி, சிறிது பழம், ஓரிரு துண்டு வறட்டு ரொட்டி, பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீர் ஆகியவை இடம்பெற்றன. திராட்சை மதுவுக்கும் தாராளமான இடம் இருந்தது.

ஓராண்டில் பான்டிங் 46 பவுண்டு (சுமார் 21 கிலோகிராம்) குறைந்தார். இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கும் மேல் குறைந்தது. இன்றைய உடல் நிறை எண்ணில் கணக்கிட்டால் இது 33.6இலிருந்து 26க்கு வந்த மாற்றம். தம் அனுபவத்தை அவர் சொந்தச் செலவில் அச்சிட்டு முதலில் இலவசமாக வழங்கினார். பின்னர் விற்பனைக்கு வந்த பதிப்புகளின் ஆதாயத்தை அறச்செயல்களுக்குக் கொடுத்தார். மருத்துவரல்லாத ஒருவர் மருத்துவம் எழுதுவதை மருத்துவ இதழ்கள் கண்டித்தன. ஆனால் நூல் பல நாடுகளுக்கும் பரவியது. சுவீடிய மொழியில் உணவைக் குறைத்து மெலிவதைக் குறிக்கும் 'பான்டா' என்னும் வினைச்சொல் அவர் பெயரிலிருந்தே வந்தது. பான்டிங் 1878இல் 81ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய கடிதம் இரண்டு செய்திகளை விட்டுச் சென்றது. உணவை மாற்றினால் முதுமையை நெருங்கும் வயதிலும் கொழுப்பைக் குறைக்க முடியும் என்பது ஒன்று. உடற்பயிற்சி பசியைத் தூண்டுவதால் எடை குறைய உதவாது என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. குறைந்த 46 பவுண்டில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அன்று யாரும் அளக்கவில்லை. அளக்கும் வழியும் அப்போது இல்லை.

சாண்டோவும் உடல்வளக் கலையும்

தசை வளர்ப்பின் வரலாறு மேடைக் காட்சிகளிலிருந்து தொடங்கியது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867இல் பிறந்த பிரீட்ரிக் வில்கெல்ம் முல்லர், யூஜின் சாண்டோ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றார். 1889இல் இலண்டன் மேடையில் வலிமைப் போட்டியொன்றில் வென்று பெயர் பெற்றார். 1897இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். அங்கு வந்தவர்களில் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் ஆண்கள் பலர். சிறிய கைப்பளுக்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை அஞ்சல் வழியாகவும் கற்பித்தார்.

1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய போட்டியே பெரிய அளவில் நடந்த முதல் உடற்கட்டுப் போட்டியாகக் கருதப்படுகிறது. சாண்டோவுடன் நடுவர்களாக இருந்தவர்கள் சிற்பி சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் ஆகியோர். டாயிலுக்கு அப்போது வயது 42.

சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். இந்தியாவில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றைக் கொண்ட பழைய பயிற்சி மரபு ஏற்கெனவே இருந்தது. கர்லாக்கட்டையைப் போன்ற கட்டைகளைச் சுழற்றும் பயிற்சியைப் பிரிட்டிஷ் படையினர் இந்தியாவில் கற்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றிருந்தனர். சாண்டோவின் பெயர் தமிழ்நாட்டில் வலிமையைக் குறிக்கும் பட்டமாயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் (1915–1978) உடற்பயிற்சியில் பெற்ற தேர்ச்சியால் 'சாண்டோ' என்னும் அடைமொழியுடன் அழைக்கப்பட்டார். கையில்லாத உள்சட்டையைக் குறிக்கும் 'சாண்டோ பனியன்' என்னும் சொல்லும் அவர் பெயரிலிருந்து வந்தது என்பர்.

ஆயினும் சாண்டோவின் மரபில் முதன்மை பெற்றது இளமையான உடலின் அழகே. நோயைத் தடுக்கவும் முதுமையைத் தாங்கவும் தசை தேவை என்னும் கருத்து விளம்பரங்களில் இருந்தது. ஆனால் அதற்கான சான்று எதுவும் திரட்டப்படவில்லை. மருத்துவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பளு தூக்குவதைப் பற்றிய அச்சம்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பளு தூக்கினால் தசை இறுகி அசைவு குறையும், இதயம் பெருத்துக் கெடும் என்னும் கருத்து பயிற்சியாளர்களிடமும் மருத்துவர்களிடமும் பரவியிருந்தது. நாற்பதைக் கடந்தவர் பளு தூக்குவது ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த பீட்டர் கார்ப்போவிச்சும் இக்கருத்துடையவரே. 1940இல் பளுதூக்கும் வீரர்கள் சிலர் அக்கல்லூரிக்கு வந்து வலிமையுடன் உடல் வளைவையும் காட்டினர். உடற்கட்டு வீரர் ஜான் கிரிமெக் குனிந்து முழங்கையைத் தரையில் தொட்டுக் காட்டியது அவையை வியக்கவைத்தது. இதன்பின் கார்ப்போவிச் தம் கருத்தைத் தாமே சோதிக்க முன்வந்தார். 1951இல் அவரும் வில்லியம் சோர்பசும் பளு தூக்குவோர் 300 பேரையும் தூக்காதோர் 300 பேரையும் ஒப்பிட்டுக் கை சுழலும் வேகத்தை அளந்தனர். பளு தூக்குவோரின் கைகளே விரைவாகச் சுழன்றன.

இதே காலத்தில் மருத்துவமனையிலிருந்தும் சான்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயமடைந்த படைவீரர்கள் சிகாகோ படை மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தனர். அவர்களுக்கு இலேசான அசைவுப் பயிற்சியே தரப்பட்டது. தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் காலில் இரும்புக் காலணி பூட்டிப் பளு தூக்கவைத்தார். வாரந்தோறும் பளுவைக் கூட்டினார். தசை விரைவாக மீண்டது. 1945இல் இதை அவர் வெளியிட்டார். பத்து முறை தூக்கக்கூடிய அதிகப் பளுவை அளவாகக் கொண்டு, அதன் பாதி, முக்கால், முழு அளவு என மூன்று சுற்றுகளாகத் தூக்கும் முறையைப் பின்னர் ஆர்தர் வாட்கின்சுடன் சேர்ந்து வகுத்தார். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் வழங்கும் 'மூன்று சுற்று, பத்து முறை' என்னும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

எடை வேறு, உடலமைப்பு வேறு

20ஆம் நூற்றாண்டில் பருமனை அளந்தவை பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் எடை அட்டவணைகள். உயரத்துக்கு ஏற்ற எடையை அவை குறித்தன. அந்த எடை கொழுப்பா தசையா என்பதை அவை கேட்கவில்லை.

இக்குறையை 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் வெல்காமும் வெளிப்படுத்தினர். தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரை நீருக்குள் நிறுத்தி எடை போட்டு உடலின் அடர்த்தியைக் கணக்கிட்டனர். தசை நீரைவிட அடர்த்தி மிக்கது. கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே அடர்த்தியைக் கொண்டு கொழுப்பின் அளவை மதிப்பிடலாம். எடை அட்டவணைப்படி அந்த வீரர்களில் 17 பேர் படைச் சேவைக்குத் தகுதியற்ற பருமனுடையோர். ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது கொழுப்பன்று, தசை.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என்று 1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் எழுதினார். ஆண்களுக்கு உடலின் மேற்பகுதியிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பு நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுடன் தொடர்புடையது என்றும், இடுப்புக்குக் கீழ்த் தொடையில் சேர்வது அவ்வளவு தீங்கற்றது என்றும் கூறினார். அக்கருத்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1984இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் 1913இல் பிறந்த 792 ஆண்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 54ஆம் வயதில் அளக்கப்பட்ட அவர்கள் 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டிக் காட்டியது எடையை விட, இடுப்புக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதமே. வயிற்றுச் சுற்றளவை அளக்கும் நாடா மருத்துவர் மேசைக்கு வந்தது இத்தகைய ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

இலண்டன் பேருந்துகள்

உடலுழைப்பு நடுவயது ஆண்களின் உயிரைக் காக்கிறதா என்னும் கேள்விக்கு முதல் பெரிய விடை இலண்டனின் மாடிப் பேருந்துகளிலிருந்து வந்தது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் வேலை நேரத்தில் பெரும்பகுதி அமர்ந்தே இருந்தார். நடத்துநர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இதய நோய் ஓட்டுநர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேரையும், நடத்துநர்களில் 1.9 பேரையும் தாக்கியது.

மெலிந்தவர்கள் நடத்துநர் வேலையைத் தேர்ந்தெடுத்ததால் இந்த வேறுபாடு வந்திருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தது. மாரிஸ் சீருடை வழங்கும் பிரிவின் பதிவேடுகளைத் தேடினார். கால்சட்டைகளின் இடுப்பளவுகள் அதில் இருந்தன. ஓட்டுநர்களின் இடுப்பு வேலையில் சேரும்போதே சற்றுப் பெரிதாக இருந்தது என்பது 1956இல் வெளியானது. எனவே ஐயத்தில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் மெலிந்தோர், இடைத்தரமானோர், பருத்தோர் என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநர்களே திடீர் மரணத்திலிருந்து கூடுதலாகத் தப்பினர். வயிறு பெரிதாக இருந்தாலும் உடலுழைப்புக்குப் பயன் உண்டு என்பதை இது காட்டியது. மாரிஸ் 2009இல் 99ஆம் வயதில் இறந்தார்.

இந்த ஆய்வுகளின் விளைவாக நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகியவை நடுவயதினருக்கு உரியவையாக ஏற்கப்பட்டன. 1968இல் கென்னத் கூப்பரின் நூல் வந்தபின் மெதுவோட்டம் உலகெங்கும் பரவியது. நெஞ்சையும் நுரையீரலையும் பற்றியே பேச்சு இருந்தது. தசை மீண்டும் மறக்கப்பட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978இல் வெளியிட்ட பயிற்சிப் பரிந்துரையில் பளுப் பயிற்சி இடம்பெறவில்லை. 1990இல்தான் சேர்க்கப்பட்டது.

குறுக்குவழிகள்

முறையான வழிகள் மெதுவானவை. எனவே குறுக்குவழிகளுக்கு எப்போதும் சந்தை இருந்தது. 1889 ஜூன் முதல் நாளில் பாரிசில் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் பிரௌன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தாமே ஊசியாகப் போட்டுக்கொண்டு வலிமை பெற்றதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 72. அச்சாற்றில் பயன் தரத்தக்க அளவில் இயக்குநீர் இருந்திருக்க முடியாது. அவர் உணர்ந்தது மனநம்பிக்கையின் விளைவு என்றே இன்று கருதப்படுகிறது. 1920களில் செர்ஜ் வோரோனோவ் குரங்கின் விரைத் துண்டுகளைப் பணக்கார முதியவர்களுக்கு ஒட்டினார். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வகத்தில் ஆக்கவும் பட்டது. குறைபாடு உறுதியானவர்களுக்கு அது மருந்து. உடற்கட்டுக்காகப் பயன்படுத்துவோருக்கு அதுவும் அதன் வழிவந்த ஸ்டீராய்டுகளும் இதயம், கல்லீரல், இனப்பெருக்கத் திறன் ஆகியவற்றைக் கெடுக்கக்கூடியவை.

கொழுப்பைக் கரைக்கும் குறுக்குவழிகளில் கொடியது டைநைட்ரோபீனால். 1933இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இது உடலின் எரிசக்திச் செலவைக் கூட்டுவதாகக் கண்டனர். உடல் உணவை ஆற்றலாக மாற்றாமல் வெப்பமாக வீணாக்கும்படி அது செய்கிறது. எடை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அளவு சற்று மிகுந்தால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி மரணம் நேர்ந்தது. பலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அமெரிக்காவில் புதிய உணவு மருந்துச் சட்டம் வந்ததும் அது சந்தையிலிருந்து விலகியது. ஆயினும் இன்றும் களவாக விற்கப்பட்டு உயிர்களைப் பறிக்கிறது.

தசை மெலிவுக்கு ஒரு பெயர்

வயதாகும்போது தசை மெலிவது இயற்கை, அதற்கு மருந்தில்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதற்குத் தனிப்பெயர்கூட இல்லை. 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பர்க் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'சார்கோபீனியா' என்னும் பெயரை முன்வைத்தார். 'சதைக் குறைவு' என்பது அதன் பொருள். பெயர் இருந்தால்தான் ஆய்வும் கவனமும் வரும் என்பது அவர் எண்ணம். அது நிறைவேறியது. 2016இல் அமெரிக்க நோய் வகைப்பாட்டில் சார்கோபீனியாவுக்குத் தனிக் குறியீடு வழங்கப்பட்டது.

அதே காலத்தில் பாஸ்டன் ஆய்வாளர்கள் இம்மெலிவை மாற்ற முடியுமா என்று சோதித்தனர். 1988இல் வால்டர் ஃபுரோன்டெராவும் குழுவினரும் 60 முதல் 72 வயதுள்ள 12 ஆண்களுக்கு வாரம் மூன்று நாள், 12 வாரம் பளுப் பயிற்சி அளித்தனர். ஒரே முறை தூக்கக்கூடிய அதிகப் பளுவில் 80 விழுக்காடு அளவு கொடுக்கப்பட்டது. முழங்காலை நீட்டும் வலிமை இரு மடங்குக்கும் மேல் ஆயிற்று. தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சுமார் 11 விழுக்காடு கூடியது. 1990இல் மரியா ஃபியாதரோன் முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரப் பயிற்சி அளித்தார். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் இயல்வது ஐம்பதில் இயலாது என்று இனி யாரும் சொல்ல முடியாத நிலை வந்தது.

இரு வழிகளும் ஒன்றுசேர்தல்

உணவைக் குறைத்து மட்டும் எடை இழப்பவரின் உடலில் கொழுப்புடன் தசையும் குறைகிறது. எடை திரும்பும்போது கொழுப்பே முதன்மையாகத் திரும்பக்கூடும். பளுப் பயிற்சி சேர்ந்தால் இழப்பு எவ்வாறு மாறும் என்பதை 2017இல் டென்னிஸ் வில்லாரியலின் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 65 வயதைக் கடந்த பருமனுள்ள 160 பேர் அதில் பங்கேற்றனர். பயிற்சி பெற்ற மூன்று குழுக்களும் உணவைக் குறைத்து எடையில் சுமார் 9 விழுக்காட்டை இழந்தன. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பற்ற திசுவில் 5 விழுக்காட்டை இழந்தனர். பளுப் பயிற்சி செய்தவர்கள் 2 விழுக்காட்டையும், இரண்டையும் செய்தவர்கள் 3 விழுக்காட்டையும் இழந்தனர். நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அன்றாடச் செயல்திறன் இரண்டையும் செய்தவர்களுக்கே மிகுதியாகக் கூடியது.

நடுவயது வந்ததும் உடலின் எரிசக்திச் செலவு தானாகவே குறைந்துவிடுகிறது, அதனால்தான் தொப்பை விழுகிறது என்னும் நம்பிக்கையும் தளர்ந்தது. 2021இல் ஹெர்மன் பான்ட்சரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்தனர். உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை எரிசக்திச் செலவு ஏறத்தாழ மாறாமல் இருந்தது. அறுபதுக்குப் பிறகே குறையத் தொடங்கியது. நாற்பதில் சேரும் கொழுப்புக்கு வயதை விட உணவு, இருக்கை வேலை, உறக்கக் குறைவு, தசை இழப்பு ஆகியவற்றில் காரணம் தேடவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

தெற்காசிய ஆண்கள்

இந்திய, இலங்கை ஆண்களுக்கு இவ்வரலாறு தனிப் பொருத்தம் உடையது. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தம் இருவர் படத்தையும் வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. தோற்றத்தில் மெலிந்த தெற்காசியரின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கலாம் என்பதை அந்தப் படம் உலகுக்கு உணர்த்தியது.

அதே ஆண்டில் உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23இலிருந்தே கவனம் தேவை என்று கூறியது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 90 செண்டிமீட்டர் என வகுக்கப்பட்டது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகளின்படி, வயது வந்த இந்தியர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. வயிற்றுப் பருமன் உள்ளோர் 39.5 விழுக்காடு. உணவிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிச் சேமிக்கும் உறுப்பு தசை. ஆகவே தசை குறைந்த உடலில் அரிசியும் இனிப்பும் மிகுந்த உணவு கூடுதல் தீங்கு செய்கிறது.

இன்றைய பரிந்துரைகள்

உலகச் சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும். அத்துடன் பெரிய தசைகள் அனைத்துக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி வேண்டும். பளு என்பது இரும்பாகவே இருக்கத் தேவையில்லை. தண்டால், பஸ்கி, மீள்பட்டை, தண்ணீர்க் குடம் ஆகியவையும் தசைக்குச் சுமையே. டிலோர்ம் காட்டியபடி சுமை சிறிது சிறிதாகக் கூடவேண்டும் என்பதுதான் முதன்மை.

உணவில் புரதத்தின் அளவு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது நெடுநாளைய பரிந்துரை. 65 வயதைக் கடந்தோருக்கு இது 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் வல்லுநர் குழு ஒன்று கூறியது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சோறு மிகுந்து பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் குறைந்த உணவில் இந்த அளவை எட்டுவது கடினம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பளுப் பயிற்சியைத் தொடங்குதல் நலம்.

2020களில் பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் பரவியபின் பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. இம்மருந்துகளால் பல கிலோகிராம் எடை குறைகிறது. குறையும் எடையில் ஒரு பங்கு கொழுப்பற்ற திசு என்று அளவீடுகள் காட்டுகின்றன. பான்டிங் காலத்தில் இதை அளக்க வழியில்லை. இன்று வழியிருக்கிறது. இம்மருந்துகளை எடுப்பவர்களுக்கும் புரத உணவையும் பளுப் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.